பதின்மூன்றாவது கிளாம்ப்

"நாலு மாசம் ஒரு பொம்பளை வயித்துல குடித்தனம் நடத்தினது இந்தப் பொடியன்தானா?" என்று கேட்டாள், துப்பறியும் மார்லெனின் உதவியாளர் ஷாயிர்.

தலைமை சர்ஜன் மம்பெதோவ் அவளைப் பார்த்த பார்வையில் மயக்க மருந்து எதுவும் கலந்திருக்கவில்லை.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தது. உள்ளே, பார்த்தால் கத்தரிக்கோல் போல, ஆனால் வெட்டும் அலகு இல்லாத ஒரு கிளாம்ப். நுனி லேசாக வளைந்திருந்தது. விரல் நுழைக்கும் வளையங்களுக்கு மேலே பொடிப் பொடியாகப் பற்கள். ரத்தக்குழாயைக் கவ்வி, அந்தப் பற்களை ஒன்றோடொன்று மாட்டிவிட்டால் யாராவது விடுவிக்கும் வரை பிடி தளராது. மார்லென் உறையை வெளிச்சத்தில் திருப்பினான். பிடியின் உள்பக்கம் கடுகளவில் ஓர் இலை பொறித்திருந்தது.

"பாத்தாச்சா?" என்றார் மம்பெதோவ். "மூணு மணிக்கு விசாரணைக் கமிஷன். புருல்கான் கைப்பட எழுதிக் குடுத்தாச்சு, தப்பா எண்ணிட்டேன்னு. இதுல துப்பறிய என்ன மிச்சம் இருக்கு?"

"அவங்க மருமக ஐசுலு நம்ப மாட்டேங்குது டாக்டர்," என்றான் மார்லென்.

"ஐசுலு நல்ல பொண்ணு. ஆனா நல்ல பொண்ணுங்க அழுதா எண்ணிக்கை மாறிடாது."

விஷயம் சுருக்கமானது. ஜனவரி இருபத்தொன்றாம் தேதி, பஸ் நிலையத்தில் ரொட்டி விற்கும் மீரிம் என்பவளைக் குடல்வால் வெடித்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் எர்மெக் ஆபரேஷன் செய்தான். பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தவள் அவனைப் பெற்ற தாய் புருல்கான். சாரி-கெச்சு போன்ற சின்ன ஊரில் இது யாருக்கும் அதிசயமில்லை. மே பதினேழாம் தேதி எக்ஸ்ரே எடுத்தபோது மீரிமின் வயிற்றுக்குள் இந்தக் கிளாம்ப் கால் நீட்டிப் படுத்திருந்தது. மம்பெதோவ் மறுபடி திறந்து, கிளாம்பையும் அதோடு அழுகிய ஒரு முழம் குடலையும் வெளியே எடுத்தார்.

தைப்பதற்கு முன் எண்ண வேண்டியது நர்ஸ். "சரி" என்று நர்ஸ் சொன்னால்தான் சர்ஜன் தைப்பான். அதனால் பழி முழுக்கப் புருல்கான் தலையில். முப்பத்து மூன்று வருட வேலை, பேர், ஓய்வூதியம் எல்லாம் போகும். வழக்கு வந்தால் சிறைக்கும் போக வேண்டியிருக்கும்.

"அந்த செட்டைப் பாக்கலாமா?" என்றான் மார்லென்.

மம்பெதோவ் அலமாரியைத் திறந்து ஒரு நீளத் தகர டிரேயை இழுத்து வைத்தார்.

"அறுக்கிறது, பிடிக்கிறது, அடைக்கிறது, விரிக்கிறது, தைக்கிறது." கத்தி, சதையைப் பிடிக்கும் இடுக்கி, கிளாம்ப், வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கி, ஊசி பிடிக்கும் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "சர்ஜரின்னா இந்த அஞ்சு வேலைதான்."

"என் மாமியாரு இந்த அஞ்சையும் நாக்காலேயே செஞ்சாங்க," என்றாள் ஷாயிர். "தைக்கிறது மட்டும் வராது."

மார்லென் கிளாம்புகளை வரிசையாக அடுக்கினான். பதினொன்று. ஒன்று பழைய சோவியத் சரக்கு, ஒன்று ஜெர்மனி நன்கொடை, இரண்டு பாகிஸ்தான். ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத கூட்டம். ஆனால் எல்லாவற்றின் வளையத்திலும் மெல்லிய மஞ்சள் கோடு.

"நெயில் பாலிஷ்," என்றார் மம்பெதோவ். "பெரிய செட்டுக்கு மஞ்சள், சின்னதுக்குப் பச்சை. மாசா மாசம் புருல்கான்தான் பூசுவா."

"உறையில இருக்கறதுல மஞ்சள் இல்லையே டாக்டர்?"

"நாலு மாசம் வயித்துக்குள்ள ஊறினா உங்க பேரே அழிஞ்சிடும்."

"இருக்கலாம். எண்ணிக்கை ரிஜிஸ்டர் எங்கே?"

தொளதொளவென்று அட்டை கிழிந்த ஒரு நோட்டு வந்தது. மார்லென் ஜனவரியிலிருந்து விரல் வைத்துப் படித்தான். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஷாயிர் கொட்டாவி விட்டாள். மே பதினாறில் விரல் நின்றது.

"டாக்டர், கிளாம்ப் உள்ளே போனது ஜனவரி இருபத்தொண்ணு. அப்போ மறுநாள்லேருந்து இந்த டிரேல எத்தனை இருக்கணும்?"

"செட்டுக்குப் பன்னிரண்டு. ஒண்ணு போனா பதினொண்ணு."

"பிப்ரவரி மூணு, பன்னிரண்டு. மார்ச் எட்டு, பன்னிரண்டு. மே பதினாறு வரைக்கும் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. எக்ஸ்ரே எடுத்தது பதினேழு. பதினெட்டாம் தேதி திடீர்னு பதினொண்ணு."

"பழக்க தோஷம். எண்ணாமலே எழுதறது."

"மூணு பேர் கையெழுத்து இருக்கு."

"மூணு நர்ஸு, நாலு மாசம், ஒரே கனவு," என்றாள் ஷாயிர். "ஜோடிப் பொருத்தம்கூட இவ்வளவு அமையாது டாக்டர்."

மம்பெதோவ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மார்லென் உறையைத் தட்டினான்.

"இது இந்த டிரேயோட பிள்ளை இல்ல. அன்னிக்கு மேஜை மேல பதின்மூணாவதா ஒரு கிளாம்ப் இருந்திருக்கு. இங்கே இருந்த பன்னிரண்டாவதை, எக்ஸ்ரே வந்த பிறகு யாரோ எடுத்திருக்காங்க. உள்ளே இருந்தது இதுதான்னு நாம நம்பணும்னு."

"வெளிச் சாமான் என் தியேட்டருக்குள்ள வராது. நான் தடை போட்டு ரெண்டு வருஷமாச்சு."

"உங்ககிட்ட சொந்த செட் இருக்காமே?" என்று ஷாயிர் பட்டென்று கேட்டாள்.

"வீட்டில, கண்ணாடிப் பெட்டியில இருக்கு. என் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே. ரெண்டையும் வெளிய எடுத்து வருஷமாச்சு."

"இந்த அலமாரிச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. சீனியர் நர்ஸ் புருல்கான்கிட்ட ஒண்ணு. அவளைப் பதினெட்டாம் தேதி மத்தியானம்தான் வீட்டுக்கு அனுப்பினேன்." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. பிறகு தலையை ஆட்டினார். "தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பாளா?"

*

ஷாயிர் ஓட்டும்போது இரண்டு கைகளாலும் பேசுவாள். அவளுடைய பழைய ஹோண்டா அதற்குப் பழகியிருந்தது.

"பெரிய டாக்டர்தாண்ணே. அவருக்குச் சாவி இருக்கு, சொந்த செட் இருக்கு, கெட்டுப்போக ஒரு பேரும் இருக்கு. அன்னிக்கு நடுவுல வந்து உதவி பண்றேன்னு கையை விட்டிருப்பாரு. மறந்து விட்டுட்டுப் போயிருப்பாரு."

"அன்னிக்கு அவர் தலைநகர்ல, பிஷ்கெக்ல இருந்தார். டூட்டி நோட்டு பாத்தேன்."

"அதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஒரு கிலோமீட்டர் பேசாம வந்திருப்பேன்ல?"

"நீயா?"

"சரி, அரை கிலோமீட்டர்." அவள் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டாள். "அப்போ யாருண்ணே? எவனோ பண்ண தப்பை அந்த அம்மா ஏன் தன்மேல போட்டுக்கணும்?"

அதே கேள்வியை மார்லென் ரிஜிஸ்டரை மூடியதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குக் கிடைத்த ஒரே பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை.

*

எர்மெக்கின் மனைவி ஐசுலு கதவைத் திறந்தாள். கை முழுக்கப் பால்.

"வாங்கண்ணே. உள்ள வாங்கக்கா. ஏதாவது தெரிஞ்சுதா? அத்தை மேல தப்பில்லைதானே?"

இருபத்தேழு வயது. அழுது வீங்கிய கண்களுக்குக் கீழே, எப்படியும் நல்லது நடந்துவிடும் என்று நம்புகிற முகம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்ததாம். பதினோரு நாள் மாமியார் படுக்கையை விட்டு எழுந்து போகவில்லையாம். முதல் நாள் மார்லெனிடம் வந்தபோது அவள் சொன்ன காரணம் அவ்வளவுதான். "எங்கம்மாகூட அப்படிப் பாத்துக்கிட்டதில்லண்ணே."

சமையலறையில் புருல்கான் தன் வெள்ளை நர்ஸ் தொப்பியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. நிமிர்ந்த முதுகு.

"உக்காருங்க தம்பி. டீ குடிங்க. ஆனா வீணா அலையறீங்க. நான்தான் எண்ணறதுல தப்பு பண்ணினேன்."

"டீ குடிக்க வந்தோம் அக்கா."

"கமிஷனுக்குப் போற அன்னிக்குக்கூட சமையலா?" என்றாள் ஷாயிர்.

"போயிட்டு வந்தா சொந்தக்காரங்க வருவாங்க. நல்லதோ கெட்டதோ, வந்தவங்களுக்குச் சோறு போடணும். பக்கத்து வீட்டில ஆடு அடிச்சாங்க, நுரையீரலைக் குடுத்தாங்க."

அடுப்பின் பக்கத்தில், விருந்துக்கு வேகவைப்பதற்காகப் பால் நிரப்பிய ஆட்டு நுரையீரல் ஒரு தலையணை அளவுக்கு உப்பி, கொக்கியில் தொங்கியது. மூச்சுக்குழாயின் வாயை ஒரு கிளாம்ப் கவ்விப் பிடித்திருந்தது. அதன் வளையத்தில்தான் கயிறு கட்டியிருந்தார்கள்.

ஷாயிர் சிரித்துவிட்டாள். "அக்கா, இந்த ஆட்டுக்கும் நீங்கதான் ஆபரேஷனா?"

"கழிச்சுப் போட்டதுங்க," என்றாள் புருல்கான், தலை நிமிராமல். "தேஞ்சு போனதை ஆஸ்பத்திரியில தூக்கி எறிவாங்க. நர்ஸுங்க எடுத்துட்டு வருவோம். பாவாடைக்கு நாடா கோக்க, கோழி ரோமம் பிடுங்க."

ஜன்னலில் ஒரு ஜாம் ஜாடி. அதில் ஐந்தாறு கிளாம்புகள், பூங்கொத்து மாதிரி. மார்லென் ஒன்றை எடுத்துப் பூட்டினான். பல் மாட்டி, உடனே வழுக்கித் திறந்துகொண்டது. அடுத்தது பாதியிலேயே நின்றது. மூன்றாவதற்கு நுனிகள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

"இதெல்லாம் ஓய்வூதியம் வாங்கறவங்க," என்றான்.

"போன தடவை இதுங்களை நம்பி அடுப்பெல்லாம் பால்," என்று ஐசுலு சிரித்தாள். "வீடே மூணு நாள் நாறிச்சு. இந்தத் தடவை ஜாடியில நல்லதா ஒண்ணு கெடைச்சுது. பாருங்கண்ணே, காலையிலேருந்து ஒரு சொட்டு ஒழுகல."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

மார்லென் எழுந்து போய் நுரையீரலுக்குக் கீழே தரையைப் பார்த்தான். காய்ந்திருந்தது. ஒரு பாத்திரத்தை அடியில் வைத்து, கிளாம்பை விடுவித்தான். பால் கொட்டியது. வெறும் கிளாம்பை மறுபடி பூட்டினான். க்ளிக். க்ளிக். க்ளிக். மூன்று பற்களும் அசையாமல் நின்றன.

"இதை எதுக்காக அக்கா கழிச்சாங்க? இவ்வளவு ஆரோக்கியமா இருக்கே."

மார்லென் பிடியைத் திருப்பிப் பார்த்தான். வளையத்தில் மஞ்சள் கோடு இல்லை, சுத்தமாகச் சுரண்டியிருந்தது. ஆனால் இரண்டு கைகளும் சேரும் மூட்டின் இடுக்கில், கத்தி நுனி போகாத இடத்தில், ஒரு துளி மஞ்சள் ஒளிந்திருந்தது.

"ஆஸ்பத்திரி டிரேல இருந்து காணாமப் போன பன்னிரண்டாவது இதுதான்," என்றான்.

ஐசுலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது எப்படிண்ணே நம்ம வீட்டுக்கு வரும்?"

"நான்தான் எடுத்தேன்," என்றாள் புருல்கான். குரல் தட்டையாக இருந்தது. "பதினேழாம் தேதி சாயங்காலம். போதுமா? எழுதிக்கோங்க. திருட்டும் சேத்து எழுதிக்கோங்க."

"அக்கா, டிரே சரியா இருந்தா நீங்க சரியா எண்ணினதா ஆகும். நீங்க தப்பிச்சிருப்பீங்க. அதைக் குறைச்சு, நீங்களே போய் மாட்டிக்கிட்டீங்க. எதுக்கு?"

"வயசாயிடுச்சு. புத்தி கெட்டுப்போச்சு."

"டிரே சரியா இருந்தா இன்னொரு கேள்வி வரும். வயித்துல இருந்தது யாரோடதுன்னு." மார்லென் ஐசுலுவின் பக்கம் திரும்பினான். கேட்க மனம் வரவில்லை. கேட்டான். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொந்தமா ஏதாவது கருவி இருக்காம்மா?"

"ஐசுலு, அடுப்பைப் பாரு," என்றாள் புருல்கான்.

"இருக்கே. மாஸ்கோவுல வேலை பாத்தப்ப முதல் சம்பளத்துல வாங்கினாரு. மூணு. ஆனா தடை போட்ட பிறகு அதை வெளியவே எடுக்கறதில்ல. அத்தைதான் அதுக்கு உறை தைச்சுக் குடுத்தாங்க. இருங்க, காட்டறேன்."

"ஐசுலு!"

அவள் அதற்குள் படுக்கையறைக்குப் போய்விட்டாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கணவனுக்குச் சாட்சி சொல்லப்போகிறவள் மாதிரி வேகமாகத் திரும்பி வந்து, மேஜை மேல் ஒரு நீலத் துணிச் சுருளை வைத்து நாடாவை அவிழ்த்தாள். ஓரமெல்லாம் ஆட்டுக்கொம்புப் பூவேலை. மூன்று பைகள்.

முதல் பையில் ஒரு கிளாம்ப். இரண்டாவதில் ஒன்று. இரண்டின் பிடியிலும் கடுகளவு இலை.

மூன்றாவது பைக்குள் ஐசுலு விரலை விட்டாள். அடி வரை விட்டாள். எடுத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள்.



*

வாசலில் கார் வந்து நின்றது. எர்மெக் காலணியைக் கழற்றியபடியே குரல் கொடுத்தான். "அம்மா, கிளம்பலாமா? நேரமாச்சு." உள்ளே வந்தவன் விருந்தாளிகளைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை. நேராகத் தாயிடம் கேட்டான்.

"இதைத் தூக்கிப் போடச் சொன்னேன்ல?"

ஐசுலு ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தைச்சது," என்றாள் புருல்கான். "கை வரல."

"டாக்டர்," என்றான் மார்லென், "மூணாவது எங்க போச்சுன்னு நான் கேக்கப் போறதில்லை."

எர்மெக் உட்கார்ந்தான். அழகன். களைத்த கண்கள்.

"ஆஸ்பத்திரி கிளாம்ப் ரெண்டு தடவை வழுக்கிச்சு. ரத்தம் ஊத்துது. உங்களுக்கு அது என்னன்னு தெரியாது. என்னோடது பிடிச்சுது. அது இல்லேன்னா மீரிம் அந்த மேஜையிலேயே போயிருப்பா. தடைன்னு சொல்லிட்டா? அவர் வாங்கிக் குடுக்கற ஓட்டைச் சாமானை வெச்சுக்கிட்டு நான் எப்படி..."

"சரி. அப்போ ஏன் யாரும் எண்ணலை?"

புருல்கான் இஸ்திரி போட்ட தொப்பியைத் தடவினாள். "ஊருக்கு வந்து இவன் பண்ணின முதல் ஆபரேஷன்ல எண்ணினேன் தம்பி. சத்தமா. செட்டோட பன்னிரண்டு, டாக்டரோடது மூணுன்னு. 'என் பென்சிலை எல்லார் முன்னாடியும் எண்ணாதீங்கம்மா, நான் என்ன ஒண்ணாங்கிளாஸா'ன்னான். தியேட்டரே சிரிச்சுது. இவன் முகம் சிவந்து போச்சு. அன்னிலேருந்து இவனோடதை எண்ணறதில்ல. தடை வந்த பிறகு, எண்ணினா வெளிய தெரிஞ்சிடும்னு இன்னும் நல்லதாப் போச்சு. முப்பத்து மூணு வருஷத்துல யாரோடதையும் எண்ணாம விட்டதில்ல. பெத்தவனோடதை விட்டேன்."

"அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ்," என்றான் எர்மெக். இப்போதுதான் மனைவியைப் பார்த்தான். "எனக்கு முப்பது வருஷம் இருக்கு. ஐசுலு, யோசிச்சுப் பாரு. இந்த ஊர்ல என்னை விட்டா யார் இருக்கா? வயசைப் பாத்து ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க. நாங்க பேசித்தான் முடிவு பண்ணினோம்."

"நாங்கன்னா?" என்றாள் ஐசுலு.

"அவ எதுக்கு இதுல?" என்று புருல்கான் குறுக்கிட்டாள். "தம்பி, கையெழுத்துப் போட்டது நான். அனுபவிக்கப் போறதும் நான். அவனுக்கே எக்ஸ்ரே வந்த அன்னிக்குத்தான் தெரியும். பாவம், அன்னிக்கு ராத்திரி பூரா என் மடியில அழுதான். நீங்க எழுந்து போங்க."

மார்லென் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். மீரிமின் மருத்துவ அட்டையின் நகல். காலையில் மீரிமின் வார்டிலிருந்தே வாங்கி வந்தது.

"பிப்ரவரி பத்தொன்பது. வயித்து வலின்னு மீரிம் வந்திருக்கா. மாத்திரை குடுத்து அனுப்பியிருக்கு. மார்ச் பதினாலு, மறுபடி வலி, காய்ச்சல். மறுபடி மாத்திரை. எக்ஸ்ரே எழுதலை. ரெண்டுலயும் உங்க கையெழுத்து டாக்டர்." அவன் தாளை மேஜை மேல் வைத்தான். "மூணாவது பை காலின்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

எர்மெக் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சொல்லு," என்றாள் புருல்கான். "எக்ஸ்ரே அன்னிக்குன்னு சொல்லு."

"சலவைத் துணியோட போயிருக்கும்னு நினைச்சேன்..."

"எப்ப?"

"ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாவது வாரம்."

"அந்தப் பொண்ணு வலின்னு உன் முன்னால வந்து நின்னப்ப உனக்குத் தெரியும்."

"உறுதியாத் தெரியாதும்மா. எக்ஸ்ரே எடுத்தாத்தான்..." அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் அந்த வாக்கியத்தின் மீதி அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

புருல்கான் மகனைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் வரவில்லை. ஏதோ கணக்கில்லாத வேலையைச் செய்து முடித்தவள் போல, முதன்முறையாக அந்த முதுகு வளைந்தது. பிறகு அவள் நீலத் துணிச் சுருளைச் சுருட்டி நாடா கட்டினாள். தன் பைக்குள் வைத்தாள். வெள்ளைத் தொப்பியை மேஜையிலேயே விட்டுவிட்டாள்.

"தம்பி, உங்க வண்டியில இடம் இருக்கா?"

"அம்மா!"

"நீ உன் வண்டியில வா. வரணும்னு தோணினா."

கதவருகே நின்ற ஐசுலு, கோட்டைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். புருல்கான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"இவங்களைக் கூட்டிட்டு வரச்சொல்லி நான் உன்னைக் கேட்டேனா?"

*

கமிஷன் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஐந்து பேரும், அரசு வழக்கறிஞர் அலுவலகத்து ஆள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். புருல்கான் நின்றுகொண்டே பேசினாள். பன்னிரண்டு, ஒன்று, மொத்தம் பதின்மூன்று என்றாள். துணிச் சுருளைப் பிரித்து வைத்தாள். மம்பெதோவ் உறையிலிருந்த கிளாம்பை எடுத்து மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தார். மூன்று இலைகள்.

எர்மெக் கடைசியில் வந்தான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள்.

"எண்ண வேண்டியது நர்ஸ்," என்றான். "விதி அப்படித்தான் இருக்கு."

"ஆமாம்," என்றாள் புருல்கான். "அது உண்மை."

இரண்டு பேர் மேலும் வழக்கு என்று எழுதினார்கள். மகன் மேல், தெரிந்தே நோயாளியைத் திருப்பி அனுப்பியதற்கு. தாய் மேல், கருவியை எடுத்து மறைத்ததற்கு. இன்றே அவன் கத்தியைத் தொடக் கூடாது. அவளுடைய ஓய்வூதியம் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

"அவளைக் காப்பாத்தத்தானே வந்தீங்க?" என்று வெளியே வரும்போது மம்பெதோவ் மார்லெனிடம் கேட்டார். அதில் கிண்டல் இல்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

தாழ்வாரத்தில் ஐசுலு கோட்டைச் சுமந்துகொண்டு நின்றாள்.

"வீட்டுக்குப் போலாமா அத்தை?"

"எந்த வீட்டுக்கு? நம்ம வழக்கப்படி வீடு கடைசிப் பையனுக்கு. எர்மெக் கூப்பிட்டா வருவேன்."

எர்மெக் அவர்களைக் கடந்து படி இறங்கினான். கூப்பிடவில்லை. இருவரையுமே.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..." என்றாள் ஐசுலு.

"நல்லதுதான் பண்ணினே. அதைச் சொல்லி என்னால இன்னிக்கு உன்னைக் கட்டிப்பிடிக்க முடியல. போ, கொஞ்ச நேரம் என் கண்ணுல படாதே." புருல்கான் ஷாயிரிடம் திரும்பினாள். "மீரிம் எந்த வார்டு?"

"ரெண்டாவது மாடிக்கா. ஜன்னல் பக்கம்."

மார்லென் கூடவே படியேறினான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

மீரிம் மெலிந்து, படுக்கையோடு ஒட்டிக் கிடந்தாள். புருல்கானைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க மார்லெனுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா! எல்லாரும் வந்தாங்க, நீங்க மட்டும்தான் வரலைன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். உங்க மேல பழி போடறாங்களாமே? நான் நம்பலக்கா." அவள் புருல்கானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு மயக்கம் குடுக்கறப்ப பயந்து நடுங்கினேன். நீங்கதான், பயப்படாதே, பத்து வரைக்கும் எண்ணு, நான் பக்கத்துலயே இருக்கேன்னீங்க. நான் நாலு வரைக்கும் எண்ணினேன். நெனைவிருக்கா?"

"இருக்கு. நீ எண்ணினே," என்றாள் புருல்கான். "நான்தான் எண்ணலை."

மீரிம் சிரித்துக்கொண்டே இருந்தாள், வார்த்தைகள் வந்து சேரும் வரை. பிறகு பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

புருல்கான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முழுசா சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் என்னை வெளிய போகச் சொல்லு."